அரைச் சுற்றில் நின்றுபோகும் புல்வெட்டி

வாசகர் கடிதம்: ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் மனையுடன் வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முந்தைய உரிமையாளர், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றையும் வீட்டோடு விட்டுச் சென்றார். ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகரக் கூடு). இந்த ஏப்ரலில் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் அரைச் சுற்று சுற்றிவிட்டு, எதிலோ முட்டியதுபோல் நின்றது. புது பேட்டரி போட்டும் மாற்றமில்லை. பழுதுபார்க்கும் கடையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். ஐந்தாறு முறை முயன்று எப்படியோ கிளம்பிவிட்டால் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வெட்டிய புல்வெளி படிக்கட்டுபோல் ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது. இரண்டு நாளில் நுனிகள் பழுத்துவிடுகின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு இந்த வண்டி மிகவும் பிடித்துப்போய்விட்டது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவரே புல் வெட்டுகிறார். வெட்டி முடித்ததும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியும் வைக்கிறார். நான் இதுவரை ஆயில்கூட மாற்றியதில்லை. காரைப் போல ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விட்டால் போதுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

ஸ்டார்ட்டர் மோட்டாரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், எஞ்சினின் வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ள சந்து), அதாவது நம் ஊர் மெக்கானிக்குகள் 'டேப்பட்' என்று சொல்லும் இடம், விரிந்துபோயிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் என் பட்டறைக்கு இதே குறையோடு வண்டிகள் வருகின்றன. அவற்றில் பலவற்றில் புது பேட்டரியும் புது ஸ்டார்ட்டரும் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளளவு கொண்டது. அத்தனை காற்றையும் பிஸ்டன் முழுதாக அழுத்தும்போது எழும் எதிர்ப்பை, கையகல ஸ்டார்ட்டர் மோட்டாரால் தனியாக வெல்ல முடியாது. ஆகவே, எஞ்சினைக் கிளப்பும் முதல் சில சுற்றுகளுக்கு மட்டும் ஒரு வால்வை மிகச் சிறிதளவு தூக்கிப் பிடித்து, அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கசியவிடும் ஏற்பாடு ஒன்றை, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம் ஷாஃப்டிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தத் தூக்கல் நூலளவுதான் இருக்கும். நாளடைவில் வால்வு இடைவெளி விரிந்துவிட்டால், அந்த நூலளவுத் தூக்கல் முழுவதும் இடைவெளியை அடைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. வால்வு அசைவதே இல்லை. பிஸ்டன் முழு அழுத்தத்தில் மோதி நிற்கிறது, நீங்கள் பேட்டரியைச் சந்தேகிக்கிறீர்கள், கடைக்காரர் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கிறார். கிளம்பிய பின் நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் பேட்டரியின் இரு முனைகளையும் உப்புப் பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, கறுப்பு வயர் வண்டியின் சட்டத்தில் சேரும் போல்ட்டையும் இறுக்குங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி அளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை எஞ்சினின் இரும்பில் படும்படி கட்டி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பக்கத்தில் நெருப்போ பொறியோ இருக்கக் கூடாது. எஞ்சின் தடையின்றி வேகமாகச் சுழன்றால், பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நலம். அழுத்தத்தைக் கசியவிடும் ஏற்பாடுதான் வேலை செய்யவில்லை. பிளக் இல்லாத நிலையிலும் தடுமாறினால் மட்டும் கடைக்காரர் சொன்னதைப் பற்றி யோசியுங்கள்.

டேப்பட் வைப்பது ஒரு மணி நேர வேலை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் அழுத்த ஓட்டத்தின் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்து, அங்கிருந்து கால் அங்குலம் கீழே இறங்கும்வரை எஞ்சினைக் கையால் அதே திசையில் திருப்பி, ஃபீலர் கேஜால் (சந்துகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) இடைவெளியை அளக்க வேண்டும். பிளக் துளையில் ஒரு மெல்லிய குச்சியை நிறுத்தி வைத்தால் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலமும், புகை வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலமும் அளவு. உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து அதையே வையுங்கள். மூடியைத் திரும்பப் பூட்டும்போது, கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது நல்லது.

கோவையில் பம்ப்செட் பட்டறையில் தொழில் பழகியவன் நான். அங்கே டேப்பட் என்ற சொல்லைத் தெரியாத பையனுக்கு வேலையே கிடைக்காது; புல்லட் ஓட்டுபவர்கள்கூடச் சத்தத்தை வைத்தே டேப்பட் தளர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த இடைவெளி தானாகவே சரிசெய்துகொள்ளும் அல்லது பல ஆண்டுகளுக்குத் தொட வேண்டாத ஒன்று என்பதால், கார் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இப்படியொரு பராமரிப்பு இருப்பதே மறந்துபோயிற்று. உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. இந்த வண்டியைக் காராக நினைக்கும்வரை அதன் குறைகள் உங்களுக்குப் புதிராகவே தோன்றும்.

கார் எஞ்சின் நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளில் நிதானமாக ஓடும். தண்ணீரும் ரேடியேட்டரும் அதைக் குளிர்விக்கும். புல்வெட்டி எஞ்சினோ, பிளேடு ஓடும் நேரமெல்லாம் 3,600 சுற்றுகளை ஒட்டியே ஓடுவது. குளிர்விக்கக் காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்தக் காற்றும் தூசியும் புல் துணுக்கும் கலந்த காற்று. ஒன்றரை ஏக்கரை ஒருமுறை வெட்ட உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்து, ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைக்கும், ஜூலை வறட்சியில் விட்டுப்போகும் வாரங்களைக் கழித்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் வரும். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் கார் நாற்பது மணி நேரம் ஓடினால் 2,400 மைல். உங்கள் எஞ்சின் அதைக் காட்டிலும் வேகமாகச் சுழன்று, கூடுதல் சூட்டில் அந்த நேரத்தைக் கடந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ஆயில் மாற்றவில்லை என்றால் அதன் பொருள் என்ன என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே, டேப்பட்டைத் தொடும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். பொதுவான கணக்கு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, இளஞ்சூடாக இருக்கும்போதே வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வெளியேறும். புல் வெட்டும் பருவத்தில், அதாவது வெப்பம் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலே இருக்கும்போது, எஸ்ஏஇ 30 என்ற தடிமன் எண் கொண்ட ஆயில் பொருத்தமானது. காருக்கென்று கராஜில் மிச்சமிருக்கும் மெல்லிய ஆயிலை இதில் ஊற்ற வேண்டாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் பலவற்றுக்கு 48 அவுன்ஸ் போதும். கடைசிக் கொஞ்சத்தை ஊற்றும் முன் அளவுக் கோலை இரண்டு முறை பாருங்கள். கோட்டுக்கு மேலே போனால் வெண்புகை கக்கும், பிளக்கும் நனைந்துபோகும். அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வடித்த ஆயிலை முகர்ந்து பாருங்கள் என்றும் சொல்வேன். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசி வால்வு சரியாக மூடாமல், வண்டி நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

அடுத்தது புல் துணுக்கு. எஞ்சினின் மேலே ஒரு வட்டமான வலைத் தட்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியாக இழுக்கப்படும் காற்று, உறைக்கு உள்ளே சிலிண்டரைச் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடுகளின் ஊடாகப் போய் வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. அந்தத் தகடுகளின் இடையில் புல் அடைந்துவிட்டால், வெளியே எஞ்சின் பளபளவென்று இருந்தாலும் உள்ளே அது வெந்துகொண்டிருக்கும். சிலிண்டர் தலையின் கேஸ்கெட் வெடித்துக் கசிவதற்கும் வால்வுகள் இறுகுவதற்கும் நான் கண்ட காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். ஆண்டுக்கு ஒருமுறை, முடிந்தால் பருவத்தின் தொடக்கத்தில், மேல் உறையைக் கழற்றித் தகடுகளைத் தூரிகையால் துடையுங்கள். குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற வண்டி என்றால் உறைக்குள் எலிக் கூடு ஒன்று இருந்தாலும் வியப்பில்லை. பஞ்சும் காகிதத் துணுக்கும் சேர்த்து நேர்த்தியாகக் கட்டியிருக்கும்.

அப்பா தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். வண்டியைத் துடைத்து வைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் மிகச் சரியானது. அந்த அக்கறை உள்ள ஒருவர் வீட்டில் இருப்பது உங்கள் பேறு. ஆனால் சூடான எஞ்சினில் தண்ணீர் படுவது ஆகாது. டெக்கின் மேல் இருக்கும் ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் அச்சு) பேரிங்குகளிலும், இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்சுகளிலும் தண்ணீர் இறங்கினால் ஓரிரு பருவத்தில் அவை இரைச்சல் போடும் அல்லது செயலிழக்கும். அதோடு, ஈரமான புல் தூள் அந்தத் தகடுகளில் களிமண்போல் அப்பிக்கொள்ளும். அவரிடம் இலை ஊதும் கருவியைக் கொடுத்து, வண்டி ஆறிய பிறகு மேலிருந்து கீழாக ஊதிவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வேலை. டெக்கின் அடிப்பக்கத்தைக் கழுவுவதற்கென்றே குழாய் பொருத்தும் வாய் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தலாம். அது இருந்தாலும், பருவத்தில் இரண்டு மூன்று முறை அடியில் ஒட்டியிருக்கும் புல்லைப் பட்டைக் கத்தியால் சுரண்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தகரம் துருவேறி ஓட்டை விழும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காகித ஃபில்டரை இருபத்தைந்து மணிக்கு ஒருமுறை மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் போடுங்கள். கம்ப்ரெஸர் காற்றால் ஊதினால் காகிதம் கிழியும். மேலே பஞ்சு உறை இருந்தால் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். ஸ்பார்க் பிளக்கும் ஆண்டுக்கு ஒன்று. பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு இடைவெளி 0.030 அங்குலம்.

பெட்ரோலில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் பகுதி பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும்; அதுவரை இந்த எஞ்சின்கள் தாங்கும். 88 ஆக்டேன் என்று சற்று மலிவாக விற்கப்படுவதில் பதினைந்து சதவீத எத்தனால் உண்டு. அதை ஊற்றக் கூடாது. சாலையில் ஓடாத சிறு எஞ்சின்களுக்கு அந்தக் கலவையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அனுமதிக்கவில்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பெட்ரோலும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் கெடத் தொடங்கி, கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளில் பிசினாகப் படியும். ஆகவே, ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். அக்டோபரில் கடைசியாக வெட்டும் நாளில், பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து டாங்கை நிரப்பி, அந்தக் கலவை கார்புரேட்டர் வரை சேரும்படி பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். இதைக் கராஜ் கதவை மூடிக்கொண்டு செய்யக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் ஏற்றும் சிறிய சார்ஜரில் விட்டால் ஏப்ரலில் புது பேட்டரி வாங்கும் செலவு மிச்சம். கழற்றும்போது கறுப்பு வயரை முதலில் எடுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள்.

இனி உங்கள் புல்வெளி. நுனிகள் பழுப்பது நோயன்று. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கிறது, கிழிந்த நார் காய்ந்து பழுக்கிறது. ஒரு புல்லைப் பறித்து நுனியைப் பார்த்தால் தெரியும். இருபத்தைந்து மணிக்கு ஒருமுறை, அதாவது பருவத்தில் இரண்டு முறையாவது, பிளேடுகளைத் தீட்ட வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பிடுங்கி வைத்துவிட்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, டெக்குக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து போல்ட்டைத் தளர்த்துங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை விடக் கூடாது. அரத்தால் பழைய சாய்வு மாறாமல் தீட்டினால் போதும். சவரக் கத்தியின் கூர்மை வேண்டாம், அது முதல் கல்லிலேயே மடங்கிவிடும். தீட்டியதும் நடுத்துளையில் ஓர் ஆணியைக் கொடுத்துச் சுவரில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அராவிச் சமன்செய்யுங்கள். சமனில்லாத பிளேடு ஸ்பிண்டில் பேரிங்கை ஆட்டியே கெடுத்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது பிளேடின் மடங்கிய இறக்கை மேல்நோக்கி, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் இரண்டு பிளேடையும் தலைகீழாகப் பூட்டி அனுப்பிவிட்டேன். புல்லை இஸ்திரி போட்டதுபோல் படுக்க வைத்துக்கொண்டு போகிறது உங்கள் வண்டி என்று அவர் தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

புல்வெளி படிக்கட்டுபோல் தெரிவதற்கு டெக்கைக் குறைசொல்லும் முன் டயர்களைப் பாருங்கள். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் முன் டயருக்கு 14 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 10 பிஎஸ்ஐ. கார் டயருக்கு வைக்கும் 32 பிஎஸ்ஐயை இதற்கு வைத்தால் டயர் வெடிக்கவும் கூடும். இடமும் வலமும் காற்று ஒன்றுபோல் இல்லாவிட்டால் டெக் சாய்ந்துதான் தொங்கும். காற்றைச் சரிசெய்துவிட்டு, வண்டியைச் சிமென்ட் தரையில் நிறுத்தி, பிளேடுகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, இரு பக்க முனைகளிலிருந்தும் தரை வரை அளந்து பாருங்கள். வேறுபாடு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் இருந்தால், டெக்கைத் தாங்கும் கம்பியின் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். பிறகு பிளேடை முன்பின்னாகத் திருப்பினால், முன் முனை பின் முனையைவிட எட்டில் ஒன்று முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும். ஒரே பிளேடின் இரு முனைகளையும் ஒரே இடத்துக்குத் திருப்பி அளக்கும்போது அளவு மாறினால், அந்தப் பிளேடு எதிலோ மோதி வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், புதிதாக வாங்குங்கள். பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் மாற்றுங்கள், கழற்றும் முன் அது எந்தப் புல்லிச் சக்கரத்தை எப்படிச் சுற்றிப் போகிறது என்று படம் எடுத்துவையுங்கள். முன் அச்சிலும், கிரீஸ் நிப்பிள் இருக்கும் ஸ்பிண்டில்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றினால் போதும்.

பேரனை மடியில் வைத்து ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அப்பாவின் ஓட்டும் திறமையை நான் குறைசொல்லவில்லை. ஒருமுறை மடியில் ஏறிய குழந்தை, அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்டதும் தானாகவே அதை நோக்கி ஓடிவரும். பின்பக்கமாக வண்டியை எடுப்பவருக்கு அது தெரியாது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக் கூடாது, பயணியாக எந்தக் குழந்தையையும் ஏற்றக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. இதோடு இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். வேறொருவர் வைத்திருந்த வண்டி என்பதால், இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை யாராவது வயர் போட்டு முடக்கியிருக்கலாம். பழைய வண்டிகளில் இதை அடிக்கடி காண்கிறேன். திறந்த வெளியில், அருகில் எவரும் இல்லாதபோது, பிளேடு ஓடும் நிலையில் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள், இறங்க வேண்டாம். எஞ்சின் உடனே அணைய வேண்டும். பிளேடுகள் ஐந்து வினாடிக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், சுவிட்சைச் சரிசெய்யும் வரை அப்பாவிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உதிரிப் பாகம் வாங்கப் போகும்போது ஒரு குழப்பம் வரும். வண்டியின் எண் ஒன்று, பெரும்பாலும் இருக்கையைத் தூக்கினால் தெரியும்; அது பிளேடு, பெல்ட், டெக் பாகங்களுக்கு. எஞ்சினின் எண் வேறு, எஞ்சின் உறையில் பொறித்திருக்கும். ஃபில்டர், பிளக், கேஸ்கெட், டேப்பட் அளவு எல்லாம் அந்த எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும். மேல் உறையைக் கழற்றித் துடைக்கும் நாளில் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.